ஓப்சைட் வீடுகள் ஏழு

அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு வீட்டைப் பற்றி. பந்தைப் பற்றி அல்ல. நடந்த அத்தனை குழப்பத்துக்கும் அதுதான் காரணம் என்று பிறகு வேலை செய்கிற கந்தோரில் எழுத்தில் விளக்கம் கொடுத்தேன். யாரும் நம்பவில்லை. மன்னாரில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு உதைபந்தாட்டத்தின் மிகச் சாதாரணமான ஒரு சொல் தெரியாது என்றால் யார்தான் நம்புவார்கள்?

ஆனால் உண்மை அதுதான். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பெண் பிள்ளைகள். அப்பாவுக்கு விளையாட்டோடு இருந்த ஒரே தொடர்பு, வானொலியில் செய்தி முடிந்து விளையாட்டுச் செய்தி தொடங்கியதும் எழுந்து போய் அதை நிறுத்துவது. டவுனில் மாட்ச் நடக்கிற நாட்களில் தெருவில் சத்தம் அதிகமாக இருக்கும் என்று அம்மா ஜன்னலைச் சாத்துவார். சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் படித்தேன், சோதனை பாஸ் பண்ணினேன், வேலைக்கும் போனேன்.

சண்டை முடிந்து சனம் ஊர்களுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. வன்னியின் முகாம்களில் இருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், இந்தியாவில் இருபது வருடம் அகதி முகாமில் இருந்துவிட்டு வந்தவர்கள் இன்னொரு பக்கம். எல்லோருக்கும் வீடு கட்டிக் கொடுக்கிற திட்டம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய்ப் போம் நிரப்புவதுதான் வேலை. பெயர், குடும்ப அட்டை இலக்கம், எங்கேயிருந்து வந்தவர்கள், காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறதா, இப்போது இருப்பது கூடாரமா, தகரக் கொட்டிலா, ஓலைக் கொட்டிலா. எல்லாம் கேட்டு முடிந்ததும் கடைசியில் ‘வேறு குறிப்புகள்’ என்று ஒரு வெற்றுக் கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எனக்குத் தந்த ஊர் வங்காலைக்கு அப்பால், கடலை ஒட்டிய ஒரு சின்னக் கிராமம். என்னோடு கூட வந்தவர் எங்கள் ரீ.ஓ., அதாவது கட்டிட வேலைகளை அளந்து பார்க்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர். அவர் தன் மோட்டார் சைக்கிளில் முன்னே போவார். நான் ஸ்கூட்டியில் அவர் கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டு பின்னே போவேன். அதிகம் பேசாத மனிதர். அளவுநாடாவின் ஒரு முனையை என் கையில் தந்துவிட்டு நடக்கத் தொடங்குவார். அது இறுகும்போதுதான் நான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஊரில் ஒரு சிக்கல் இருந்தது. கடற்கரையைப் பார்க்கிற இலாகா ஒன்று கரையோரமாக எல்லைக்கல் நட்டிருந்தது. கல்லுக்கும் கடலுக்கும் நடுவே வீடு கட்டக்கூடாது. ஆனால் சில குடும்பங்கள் கல்லுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே அத்திவாரம் போட்டுத் தகரமும் அடித்துக் குடியிருந்தார்கள்.

முதல் நாள் ஒரு தகரக் கொட்டிலுக்கு முன்னால் நின்று, இதையும் பதிய வேண்டுமா என்று கேட்டேன். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் தலை நிமிராமலே சொன்னார்.

“அது ஓப்சைட், பிள்ளை.”

ரீ.ஓ. தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். சைட் என்றால் வீடு கட்டுகிற இடம் என்பது எனக்குத் தெரியும். எங்கள் கந்தோரில் நாள் முழுக்க ‘சைட்டுக்குப் போறன்’, ‘சைட்டில நிக்கிறார்’ என்றுதான் பேச்சு. அந்த சைட்டுக்கு வெளியே இருந்தால் அது ஓப்சைட். சாதாரண மீனவர் ஒருவர் இவ்வளவு சரியாகக் கட்டிடத் துறையின் ஆங்கிலம் பேசுகிறாரே என்று ஆச்சரியப்பட்டது மட்டும்தான். ‘வேறு குறிப்புகள்’ கட்டத்தில் அழகான கையெழுத்தில் ‘ஓப்சைட்’ என்று எழுதினேன். அந்தக் கட்டத்துக்கு ஒரு பயன் கிடைத்ததில் சந்தோசம்.

அன்று பின்னேரத்துக்குள் அப்படி ஏழு வீடுகள் சேர்ந்துவிட்டன.

ஏழில் ஒன்று ஒரு அக்காவின் வீடு. நாற்பத்தைந்து வயதிருக்கும். இந்தியாவில் முகாமில் இருபது வருடம் இருந்தவர். அவர் பேச்சில் நம்மூர் ‘ஓம்’ பாதி, அங்கத்தைய ‘ஆமாங்க’ பாதி. கணவர் கடலுக்குப் போகிறவர். அவர் கழுத்தில் செபமாலையோடு சேர்த்து ஒரு விசிலும் தொங்கியது. படகுக்காரருக்கு விசில் எதற்கு என்று நினைத்தேன். மற்றப் படகுகளைக் கூப்பிடுவதற்காக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அக்கா எங்களுக்குப் பிளேன்ரீ தந்தார். ஒரே ஒரு கதிரைதான் இருந்தது. ரீ.ஓ.வும் நானும் ஒருவரை ஒருவர் அதில் இருத்தப் பார்த்துக் கடைசியில் இரண்டு பேருமே நின்றுகொண்டு குடித்தோம்.

“எங்கடதும் ஓப்சைட் எண்டுதான் எழுதினீங்களோ?” என்று அக்கா கேட்டார்.

“ஓம் அக்கா. குறிப்பில மட்டும்தான். பயப்பிடாதேங்கோ.”

“எழுதுங்கோ, எழுதுங்கோ. ஆனா இது ஓப்சைட் இல்லை. மேலிடத்து ஆக்கள் வரட்டும், நான் சொல்லுறன்.”

ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது.

கந்தோரில் போம்களை எல்லாம் சேர்த்துக் கம்பியூட்டரில் ஏற்றுகிற பிள்ளை என்னைப் போலவே புதியவள். என் ஓப்சைட்டைப் பார்த்துவிட்டு, அட்டவணையில் இதற்குத் தனியாக ஒரு நிரல் போடுவோமா என்று கேட்டாள். போடலாம் என்றேன். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். நான் நினைத்திருந்தபடியே, சைட்டுக்கு வெளியே என்று வருகிற மாதிரி இரண்டு சொல்லாக எழுதிக் காட்டினேன். எங்கள் பொறுப்பதிகாரி அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, “இதுதான் வேணும். தெளிவா இருக்கு” என்று என்னைப் பாராட்டினார். வேலைக்குச் சேர்ந்த பிறகு கிடைத்த முதல் பாராட்டு. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முட்டைப் பொரியல் செய்து தந்தார்.

மூன்று கிழமை கழித்து மேலிடத்தில் இருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் போன அறிக்கை அங்கே சிங்களமாகி, சிங்களத்தில் இருந்து திரும்பவும் தமிழாகி வந்திருந்தது. ‘மேற்குறித்த ஏழு குடும்பங்களும் குறித்த தளத்தில் வசிக்காதவை எனத் தங்கள் அறிக்கையின் மூலம் அறியக்கிடப்பதால், அவை பயனாளிகள் பட்டியலில் இருந்து நீக்கப்படுகின்றன.’

திரும்பத் திரும்ப வாசித்தேன். வசிக்காதவையா? நான் அந்த வீட்டில் பிளேன்ரீ குடித்தேனே! இனிப்புக் கூடின பிளேன்ரீ. வசிக்காதவர்கள் எப்படி ஊற்றித் தருவார்கள்?

மேலிடத்தார் ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். பிழை என்னுடையது என்று படவேயில்லை. அந்தக் குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன என்பதற்குக் கிராம அதிகாரியான விதானையாரின் கடிதமும் குடும்ப அட்டைப் பிரதிகளும் வாங்கி அனுப்பினால் சரியாகிவிடும். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. லீவு என்றும் பாராமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

ஊரில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. நாய்கள்கூட இல்லை. ஒரு நிமிடம் மேலிடம் சொன்னதுதான் சரியோ என்று பயமாக இருந்தது. பிறகு கோயிலுக்குப் பின்பக்கம் இருந்து சத்தம் கேட்டது. ஊர் முழுக்க அங்கே ஒரு வெளியைச் சுற்றி நின்றது. நடுவே பக்கத்து ஊரோடு மாட்ச். நான் அந்த அக்காவைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் போய் நின்றேன்.

“வாங்கோ பிள்ளை, வாங்கோ. நல்ல நேரத்தில வந்திருக்கிறீங்க. ஒண்டுக்கு ஒண்டு நிக்குது.”

“அக்கா, ஒரு முக்கியமான விசயம்...”

அப்போதுதான் மைதானமே வெடித்தது.

“ஓப்சைட்! ஓப்சைட்!”

ஊர் முழுக்க ஒரே குரலில் கத்தியது. கம்பங்களுக்குக் கிட்ட நீளமான ஒரு மனிதன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, தான் ஒன்றும் செய்யவில்லை என்கிற முகத்தோடு நின்றான். கரையில் ஒருவர் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

“என்ன அக்கா இது? அவருக்கு வீடு இல்லாததை இப்பிடிச் சனத்துக்கு முன்னால சொல்லிக் கத்தலாமோ? பாவம் அந்தாள்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன சொல்லுறீங்க?”

“ஓப்சைட் எண்டு கத்துறாங்களே. அவற்ற பேர் என்ர லிஸ்டில இல்லை. அவர் எந்த முகாமால வந்தவர்? நான் வேணுமெண்டால் ஒரு போம்...”

அக்கா மணலில் இருந்துவிட்டார். விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சிரிப்பில் மூச்சு வராமல் பக்கத்தில் நின்றவளின் பாவாடையைப் பிடித்து இழுத்து அவளிடம் சொன்னார். அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள். செய்தி கோட்டோரமாக நகர்வதை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு தலையாகத் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு அடுத்த தலைக்குச் சொல்லியது. அது மூலை திரும்பி எங்கள் ஊர்க் கோல் கீப்பரிடம் போய்ச் சேர்ந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் பந்தை அடித்தான். கீப்பர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். பந்து அவர் காலடியால் உருண்டு உள்ளே போனது.

“பாத்தீங்களா, உங்களால ஒரு கோல் போச்சு,” என்றார் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். தன் இரண்டு செருப்பையும் கழற்றிக் கம்பமாக வைத்தார். ஒரு சோடாப் போத்தலை அதற்கு முன்னால் நட்டார்.

“இது கோல். இந்தப் போத்தல் மற்றப் பக்கத்தான்ர கடைசி ஆள். கீப்பரை இப்ப விடுங்கோ. நீங்கள் எங்கட ஆள். ஆரும் உங்களுக்குப் பந்து அடிக்கேக்க, நீங்கள் இந்தப் போத்தலுக்கு அங்கால முந்திப் போய் நிக்கக் கூடாது. நிண்டால் ஓப்சைட்.”

“அப்ப வீடு?”

“கடல்தான் கோல். எல்லைக்கல்லு இந்தப் போத்தல். கல்லுக்கு அங்கால போய் நிக்கிற வீடு?”

“ஓப்சைட்,” என்றேன் நான்.

“அவ்வளவுதான். இந்த ஊர்ப் பொடியங்கள் பகிடிக்கு வைச்ச பேர்.”

சும்மா சிரிப்பதற்காகப் பகிடிக்கு வைத்த பேர். அதை நான் போமில் எழுதி, நிரல் போட்டு, இரண்டு மொழிக்கு மாற வைத்து, பாராட்டும் வாங்கி, முட்டைப் பொரியலும் தின்றிருக்கிறேன். கைப்பையில் இருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா மெதுவாக எழுத்துக் கூட்டி வாசித்தார். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

“வசிக்காதவை எண்டால்?”

“நீங்கள் இந்த ஊரில இல்லை எண்டு விளங்கிக்கொண்டினம். என்ர பிழை அக்கா.”

“நாங்கள் இங்க இல்லையாமோ?” அவர் கடிதத்தை மடிக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “அங்க இருபது வருசம் ஒவ்வொரு மாசமும் வரிசையில நிண்டு, நான் இந்த ஊர் இல்லை, சிலோன் எண்டு கையெழுத்து வைச்சனான். இப்ப இங்க வந்தும் நான் இந்த ஊர் இல்லையாமோ?”

அவர் பதிலுக்குக் காத்து நிற்கவில்லை. எழும்பி, வெறுங்காலோடு, கோட்டைத் தாண்டி நேரே வெளிக்குள் நடந்தார்.

நடுவே ஓடிக்கொண்டிருந்த ரெப்ரி அவருடைய கணவர். விசில் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. முகாமில் இருந்தபோதே மாட்ச்களுக்கு விசில் ஊதியவராம். அவர் தன் மனைவி வருவதைக் கண்டார். நின்றார். விசிலை ஊதி, பொக்கற்றில் இருந்து மஞ்சள் அட்டையை எடுத்து அக்காவின் முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினார். ஊர் கை தட்டியது. அக்கா அந்த அட்டையைத் தட்டிவிட்டுக் கடிதத்தை அவர் கையில் திணித்தார். அவர் வாசித்தார். வியர்வை சொட்டித் தாள் நனைந்தது. பிறகு நீளமாக ஒரு விசில் ஊதினார். மாட்ச் நின்றது. ஏழு வீட்டுக்காரரும் வெளியின் நடுவில் கூடிக் கதைத்தார்கள். அதில் மூன்று பேர் எங்கள் பக்க ஆட்டக்காரர், ஒருவர் கொடி பிடித்தவர். பக்கத்து ஊர்க்காரர்கள் பொறுமையாக மணலில் இருந்து தண்ணீர் குடித்தார்கள். அரை மணித்தியாலம் கழித்துத்தான் ஆட்டம் தொடங்கியது. தோற்றோம்.

திங்கட்கிழமை பொறுப்பதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு ஓப்சைட் தெரியாதோ?”

“தெரியாது சேர்.”

“மன்னாரில பிறந்தனீங்கள்தானே?”

“ஓம் சேர்.”

ரீ.ஓ.வைக் கூப்பிட்டார். ரீ.ஓ. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “நான் நினைச்சன் பிள்ளை பகிடிக்கு எழுதுது எண்டு. நல்ல பகிடியா இருந்தது, அதான் பேசாமல் விட்டனான்” என்றார். நான் அவரோடு வேலை செய்த காலத்தில் அவர் ஒரே மூச்சில் அத்தனை சொற்கள் பேசியது அன்றைக்குத்தான்.

எழுத்தில் விளக்கம் தரச் சொன்னார்கள். இரண்டு நாள் எழுதினேன். ‘உதைபந்தாட்டத்தில் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி’ என்று தொடங்கி ஒரு பக்கம் வந்தது. விளக்கமாக இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு படமும் கீறி, கடலுக்குக் கோல் என்று பேர் போட்டிருந்தேன். பொறுப்பதிகாரி அதை வாசித்துவிட்டு, இதை மேலிடத்துக்கு அனுப்பினால் தன்னையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். எல்லாவற்றையும் வெட்டி, ‘சொற்பிரயோகத்தில் ஏற்பட்ட தெளிவின்மை காரணமாக நேரடிப் பரிசோதனை தேவைப்படுகிறது’ என்று ஒரே வரி எழுதி அனுப்பினார். படத்தை மட்டும் கிழிக்கவில்லை. தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

பரிசோதனைக்கு மேலிடத்தில் இருந்து ஒரு ஐயா வந்தார். தெற்குப் பக்கத்துச் சிங்களவர், ஓய்வு பெறுகிற வயது, வெயிலுக்குக் கறுப்புக் குடை. தமிழ் மெதுவாகப் பேசுவார், ஆனால் பேசுவார். கோயில் முற்றத்தில் விதானையார், ரீ.ஓ., நான், ஏழு குடும்பங்கள், மற்றும் வேடிக்கை பார்க்க ஊரில் மிச்சம் இருந்த எல்லோரும்.

“என்ன பிரச்சினை இந்த வீடுகளில?” என்று கேட்டார்.

“ஓப்சைட் ஐயா,” என்றார் அக்கா, நான் வாயைத் திறப்பதற்கு முதலே.

ஐயாவின் முகம் மலர்ந்தது. “ஓப்சைட்?” என்று குடையைச் சுருக்கி இரண்டு கையாலும் பிடித்து, இடது காலை முன்னால் வைத்து, இல்லாத ஒரு பந்தை அழகாக வலது பக்கம் தள்ளிவிட்டார். “நான் ஸ்கூலில ஓப்சைட்ல நல்லா அடிக்கிறது.”

யாருக்கும் விளங்கவில்லை. கிரிக்கெட்டிலும் அந்தச் சொல் இருக்கிறதாம். துடுப்புப் பிடிக்கிறவனுக்கு ஒரு பக்கம் ஓப்சைட், அங்கே அடித்தால் குற்றமில்லை, கெட்டித்தனம். இதை ரீ.ஓ. என் காதில் சொன்னார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சொல்லுக்கு இன்னும் எத்தனை அர்த்தம்தான் இருக்கிறது?

“ஐயா, அது உங்கட ஓப்சைட்,” என்றார் அக்கா. “எங்கடது வேற. வந்து பாருங்கோ.”

கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடலோரமாக இரண்டு வரிசைக் கல் இருந்தது. தண்ணீருக்குக் கிட்ட இருந்தவற்றின் தலையில் வெள்ளை, அதில் இருந்து ஊர்ப் பக்கமாகப் பதினெட்டுக் காலடி தள்ளி இருந்தவற்றின் தலையில் சிவப்பு. நான் அளக்கப் போன நாட்களில் சிவப்பைத்தான் பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கல்லில் அக்கா உடுப்புக் காயப்போடக் கொடி கட்டியிருந்ததால் அதைக் கல்லாகவே நான் நினைக்கவில்லை.

அக்கா ஊர் ஆட்களைப் பிடித்துச் சிவப்புக் கல்லுக்கு ஒருவராக வரிசையில் நிறுத்தினார். கணவரை விசிலோடு பக்கத்தில் நிறுத்தினார். தான் கல்லுக்கும் கடலுக்கும் நடுவே, தன் அத்திவாரத்தின் மேல் ஏறி நின்றார்.

“ஐயா, இப்ப பாத்தால் நான் ஓப்சைட். ஓமோ? ஆனா இப்ப எங்க நிக்கிறன் எண்டு பாக்கக் கூடாது. பந்து அடிக்கேக்க எங்க நிண்டனான் எண்டுதான் பாக்கோணும். அதுதான் சட்டம். வேணுமெண்டால் இந்தாளைக் கேளுங்கோ.”

கணவர் தலையாட்டினார்.

“நாங்கள் அத்திவாரம் வெட்டேக்க லைன் அந்த வெள்ளைக் கல்லு. அதுக்கு இஞ்சாலதான் வெட்டினனாங்கள். பிறகு அவங்களே வந்து ஆக்களைப் பின்னால இழுத்துச் சிவப்புக் கல்லில நிப்பாட்டிப்போட்டு, எங்களைப் பாத்துக் கொடி தூக்கினால் அது ஞாயமோ?”

வரிசையில் நின்றவர்கள், தாங்கள் கல் என்பதை மறந்து, “ஞாயமில்லை” என்றார்கள்.

ஐயா குடையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“அப்ப, அம்மா, பந்து எப்ப அடிச்சது?”

“ஆவணி மாதா திருநாளுக்கு முந்தின கிழமை.”

ஐயா விதானையாரைப் பார்த்தார். “சிவப்புக் கல்?”

விதானையார் கொப்பியைப் புரட்டினார். தேவையில்லாத பக்கங்களையும் புரட்டினார். “நத்தார் கழிஞ்சு, தை மாசம், சேர்.”

ஐயா கொடியில் காய்ந்த சேட் ஒன்றைத் தள்ளிவிட்டு, குனிந்து வெள்ளைக் கல்லின் தலையை விரலால் தேய்த்தார். மங்கலாக இலக்கம் தெரிந்தது. அதைக் குறித்துக்கொண்டார்.

“சரி. இது நான் எழுதுறது. ஆனா இன்னொண்டு. இந்தக் குடும்பங்கள் இங்க இருக்கிறதா, இல்லையா, அது பார்க்க வேணும்.”

அந்தக் கேள்வியை உண்டாக்கியவள் நான்தான்.

“வந்து பாருங்கோ,” என்றார் அக்கா.

அவர் வீட்டில் பாயும் தலையணையும் பெட்டியும் பார்த்தால் போதும் என்றுதான் ஐயா நினைத்திருப்பார். அக்கா அவரைக் கதிரையில் இருத்தி, இடியப்பமும் மீன் சொதியும் போட்டார். “சாப்பிட்டுப் பாருங்கோ. ஆளில்லாத வீட்டில சொதி இருக்குமோ?” ஐயா சாப்பிட்டார். நல்லா இருக்கு என்றார். அந்த வார்த்தை அவருக்கு முன்னே ஓடிவிட்டது. இரண்டாவது வீட்டில் புட்டும் திருக்கைக் குழம்பும் தயாராக இருந்தது. மூன்றாவதில் நண்டு. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு மற்ற வீட்டில் மறுத்தால், அங்கே ஆள் இல்லை என்று எழுதிவிடுவாரோ என்று அவர்களுக்குப் பயம். மறுத்தால் மரியாதையில்லை என்று அவருக்குப் பயம். நாலாவது வீட்டில் பெல்ட்டை ஒரு கண் தளர்த்தினார். ஐந்தாவது வீட்டு வாசலிலேயே இரண்டு கையையும் தூக்கினார்.

“நம்புறது, நம்புறது. எல்லாரும் இருக்கிறது.”

“அதெப்படி ஐயா? அவைன்ர வீட்டில திண்டிட்டு எங்கட வீட்டில கை நனைக்காமல் போவீங்களோ?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல். ஐயா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு அரச உத்தியோகத்தர் இன்னொரு அரச உத்தியோகத்தரிடம் கேட்கிற உதவி இருந்தது. நான் பாவம் பார்த்து ஐந்தாவது வீட்டையும் ஆறாவது வீட்டையும் என் வாயால் பரிசோதித்தேன். ஏழாவதை ரீ.ஓ. ஏற்றுக்கொண்டார். அதை அவர் ஒரு முறைப்பாடும் இல்லாமல், இரண்டாம் முறை சோறு வாங்கிச் செய்தார்.

இரண்டு மாதத்துக்குள் பதில் வந்தது. ஏழு குடும்பமும் ஊரில் வசிப்பவை என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஐந்து வீடுகள் வெள்ளைக் கல்லுக்கு உள்ளே இருந்ததால் அந்தந்த இடத்திலேயே கட்டலாம். இரண்டு வீடுகள் வெள்ளைக்கும் அப்பால் இருந்தன. அவற்றுக்குக் கோயிலுக்குப் பின்னால் வேறு காணி. அதில் ஒருவருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. புதுக் காணியில் இருந்து பார்த்தால் தன் படகு தெரியாதாம். கொஞ்ச நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதில் ஞாயம் இருந்தது.

அக்காவின் வீடு பாஸாகியது. ஆனால் சிவப்புக் கல் வந்த பிறகு கடல் பக்கமாகச் சமைப்பதற்கு அவர் ஒரு குசினி இறக்கியிருந்தார். ரீ.ஓ. அளந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அக்கா தானே சொன்னார்.

“குசினி ஓப்சைட்தான். எனக்குத் தெரியும். காத்து நல்லா வருது எண்டு ஆசைப்பட்டு இறக்கினனான்.”

அடுத்த கிழமை போனபோது அதைப் பிரித்து மற்றப் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தார். தகரத்தின் ஒரு முனையை என்னிடம் தந்து பிடிக்கச் சொன்னார். அளவுநாடா பிடித்த பழக்கத்தில் நான் இழுத்துப் பிடிக்க, கணவர் ஆணியை இடம் மாறி அடித்துவிட்டார். அந்த ஓட்டையால் முதல் மழைக்கே ஒழுகியது என்று பிறகு எனக்குச் செய்தி வந்தது.

வருட முடிவில் என்னை வெள்ளாங்குளம் பக்கம் மாற்றினார்கள். தண்டனை இல்லை, அங்கே ஆள் குறைவு என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன். அங்கே போன பிறகு ஒரு சொல்லையும் கேட்டுத் தெளியாமல் எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். முதல் நாள் ஒரு பெரியவர் தன் வீட்டைக் காட்டி, “பெல்ட் மட்டம் வந்திட்டுது, பிள்ளை” என்றார். ஜன்னல் நிலைகளுக்கு மேலே சுவரைச் சுற்றி ஓடுகிற கொங்கிறீற்றுப் பட்டியைச் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் பேனையை மூடினேன்.

“ஐயா, பெல்ட் எண்டு நீங்கள் எதைச் சொல்லுறியள்?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கள் வீட்டுத் திட்டத்து ஆள்தானே?”

“ஓம் ஐயா.”

“எவ்வளவு காலமா?”

“ஒரு வருசத்துக்கு மேல.”

அவர் வீதியை எட்டிப் பார்த்தார், என் ஸ்கூட்டிக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று.